சொந்தமாகக் கட்டிய விமானத்தில் கனமான எய்லரானைத் தளர்த்துவது எப்படி: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும், இறக்கையின் பின்னோரத்து அசையும் பரப்பு) கனமாக, அதாவது ஸ்டிக்கைத் தள்ளக் கடினமாக, இருக்கிறது என்றதும் பெரும்பாலோர் தேடிப் போவது ஸ்பேடையோ (எய்லரானுக்குக் கீழே தொங்கும் உதவித் தகடு) சர்வோ டேபையோதான் (எய்லரானின் பின்விளிம்பில் அசையும் உதவி மடல்). இரண்டும் வேலை செய்யும். ஆனால் கனம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மாட்டினால், உராய்வு அப்படியே கிடக்கும். காற்று கொடுக்கும் திருப்புவிசை மட்டும் குறையும். கடைசியில் கையை விட்டால் நடுவுக்குத் திரும்பாத ஸ்டிக்தான் மிஞ்சும். கனமான ஸ்டிக்கைவிட அது மோசம்.

அதனால் இங்கே வரிசைதான் முக்கியம்: அளவு, உராய்வு, இணைப்பு விகிதம், பரப்பின் வடிவம், இவை எல்லாம் முடிந்த பிறகே ஸ்பேட். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். எடுத்துக்காட்டுகள் அமெரிக்காவில் எக்ஸ்பெரிமென்டல் பிரிவில் பதிவாகும் அலுமினிய விமானங்களை மனதில் வைத்தவை: ஸ்டிக், புஷ்ராட் (தள்ளுதண்டு) அல்லது கேபிள், 120 முதல் 170 நாட் பயண வேகம். மரம், துணி விமானங்களுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. கையில் இருக்க வேண்டியவை

பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு ஒன்று, 20 கிலோ வரை அளப்பது. ஸ்டிக் பிடியில் மாட்ட மெல்லிய பட்டை. 0.1 டிகிரி காட்டும் கோணமானி. கேபிள் இருந்தால் டென்ஷன் மீட்டர். 600 மி.மீ. எஃகு அளவுகோல், நல்ல நூல், ஃபீலர் கேஜ். ஸ்டிக் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க, பிடிக்கும் காக்பிட் பக்கச்சுவருக்கும் நடுவே ஒரு தையல் டேப்.

வரைபடத்தில் மூன்று தகவல்களைத் தேடி எழுதி வையுங்கள்: எய்லரான் மேலும் கீழும் எத்தனை டிகிரி போக வேண்டும், எதிர்எடை (எய்லரானைக் கீலில் சமநிலைப்படுத்தும் எடை) எந்த நிலையில் இருக்க வேண்டும், வி.ஏ. வேகம் (முழு வீச்சு கொடுக்கக்கூடிய உச்ச வேகம்) எவ்வளவு. இவை இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நான்காம் படி முதல் எல்லா மாற்றங்களையும் இவற்றோடுதான் ஒப்பிட வேண்டும்.

காகித வேலையையும் முன்கூட்டியே பாருங்கள். பறக்கும் குணத்தை மாற்றும் எதுவும் பெரிய மாற்றம்தான். எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு) கொடுத்த இயக்க வரம்புகளில் இதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வழக்கமாக விமானம் குறைந்தது 5 மணி நேரம் முதல் கட்டச் சோதனைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். பிரிட்டனில் இலகு விமானச் சங்கமான எல்.ஏ.ஏ.வின் ஒப்புதல் வாங்கிய பிறகே கை வைக்கலாம். விமானத்தை வடிவமைத்தவரோ அவரது நிறுவனமோ தொடர்புக்குக் கிடைத்தால், மாற்றத்தைச் சொல்லிக் கருத்துக் கேளுங்கள். ஃப்ளட்டர் (வேகத்தில் பரப்பு கட்டுமீறி அதிர்வது) கணக்கு அவர்களிடம்தான் இருக்கும்.

2. "கனம்" என்பதை எண்ணாக்குங்கள்

முதலில் தரையில், காற்றில்லாத கொட்டகைக்குள். ஸ்டிக் பிடியின் நடுவில் பட்டையை மாட்டித் தராசால் மெதுவாக இழுங்கள். ஸ்டிக் நகரத் தொடங்கும் விசை ஒன்று, நகர்ந்துகொண்டே இருக்கும்போது காட்டும் விசை ஒன்று, இரண்டையும் குறியுங்கள். இடம், வலம், முழு வீச்சு எல்லாவற்றிலும் செய்யுங்கள்.

பிறகு வானில், அமைதியான காலை நேரத்தில். 80, 110, 140 நாட் என மூன்று வேகங்களில், ஸ்டிக்கை டேப்பில் ஒரே அளவு நகர்த்தி விசையைப் படியுங்கள். கால்வாசி நகர்வே போதும். வி.ஏ. வேகத்துக்கு மேல் முழு வீச்சு எப்போதும் வேண்டாம். அளவைப் படிக்க இன்னொருவர் வேண்டுமானால், அது மாற்றத்துக்கு முந்தைய இந்தப் பறப்பில் மட்டும்.

இரண்டு அளவும் ஏன் வேண்டும்? உராய்வு எந்த வேகத்திலும் ஏறக்குறைய ஒன்றே. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். தரையில் 1 கிலோ, 80 நாட்டில் 3 கிலோ என்று வந்தால் காற்றின் பங்கு 2 கிலோ. 140 நாட்டில் அந்தப் பங்கு சுமார் 3 மடங்காகி 6 கிலோ ஆகும். உராய்வோடு சேர்த்து 7. உங்கள் எண்கள் இந்தக் கணக்கை ஒட்டி வந்தால் உராய்வையும் காற்றையும் சரியாகப் பிரித்துவிட்டீர்கள். வராமல், வேகம் கூடக்கூட விசை இன்னும் வேகமாக ஏறினால், இறக்கை வளையும்போது ஏதோ பிடிக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

ஒப்பிட ஓர் அளவுகோல்: அமெரிக்காவின் பழைய பகுதி 23 விதிகளில், ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ள உச்ச வரம்பு குறுகிய நேரத்துக்கு 30 பவுண்டு, அதாவது 13.6 கிலோ; நீண்ட நேரத்துக்கு 5 பவுண்டு. இவை சான்றிதழுக்கான எல்லைகள். 13 கிலோ தள்ள வேண்டிய விமானத்தை யாரும் விரும்பி ஓட்டமாட்டார்கள். எய்லரான், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்குவது), ரடர் (மூக்கை இடம் வலம் திருப்புவது) விசைகள் 1:2:4 என்ற விகிதத்தை ஒட்டி இருந்தால் கைக்கு இசைவாக இருக்கும்.

3. உராய்வைத் துரத்துங்கள்

அதிக நேரம் இங்கேதான் போகும், போகட்டும். செலவு மிகக் குறைவு, ஆபத்தும் குறைவு. பிடியில் அளந்தால் மொத்த உராய்வு 0.9 கிலோவுக்குள் வர வேண்டும். நன்றாக அமைந்த புஷ்ராட் அமைப்பு அரை கிலோவுக்குக் கீழேயே வரும்.

ஒவ்வொன்றாகக் கழற்றி அளப்பதே வழி. முதலில் ஆட்டோபைலட் சர்வோவின் கையைக் கழற்றி அளவெடுங்கள். பிறகு டிரிம் ஸ்பிரிங்குகள். அடுத்து இடது எய்லரானின் புஷ்ராட், பிறகு வலது. எந்தக் கழற்றலில் எண் சட்டென்று இறங்குகிறதோ, குற்றவாளி அங்கே இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்து எண்ணெய் போட்டுப் பூட்டினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். ஆறு மாதத்தில் அதே கனம் திரும்பி வரும்.

பார்க்க வேண்டிய இடங்கள்:

கீல்கள். இரு ஓரக் கீல்களுக்கு நடுவே நூல் கட்டி, நடுக் கீல் அந்தக் கோட்டில் இருக்கிறதா பாருங்கள். பியானோ கீலில் கம்பி கையால் இழுத்தாலே வர வேண்டும். இடுக்கி தேவைப்பட்டால் கம்பி வளைந்திருக்கிறது, அல்லது முட்டிகளுக்குள் பெயிண்ட் இறங்கியிருக்கிறது. பெயிண்ட் அடித்த பிறகு கனமாகிப்போன விமானங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பிராக்கெட் கீல்கள். போல்ட்டை முறுக்கும்போது பேரிங்கின் உள் வளையம்தான் இறுக வேண்டும். வாஷர் ஒன்று குறைந்தால் பிராக்கெட்டின் காதுகள் உள்ளே வளைந்து பேரிங்கைப் பக்கவாட்டில் அழுத்தும். போல்ட்டைத் தளர்த்தியதும் காது விரிகிறதா என்று கவனியுங்கள். விரிந்தால் அந்த இடைவெளிக்கு வாஷர் போடுங்கள்.

ராட் எண்டுகள் (புஷ்ராடின் முனை இணைப்புகள்). நடுநிலையிலும் இரு முழு வீச்சுகளிலும் புஷ்ராடை விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். மூன்று நிலைகளிலும் சில டிகிரி தளர்வாகத் திரும்ப வேண்டும். ஒரு நிலையில் திரும்பாவிட்டால் இரு முனைகளும் ஒரே தளத்தில் இல்லை. லாக் நட்டைத் தளர்த்தி, முனைகளை நேராக்கி, மறுபடி இறுக்குங்கள். டெஃப்லான் உள்ளுறை கொண்ட ராட் எண்டுக்கு எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டிக்கொண்டு உள்ளுறையைத் தின்றுவிடும்.

கேபிள்கள். டென்ஷனை வரைபட அளவுக்குக் கொண்டுவாருங்கள். "இன்னும் கொஞ்சம் இறுக்கினால் தொய்வு போகும்" என்று இறுக்கியதே பல விமானங்களில் பாதி உராய்வுக்குக் காரணம். அலுமினிய உடல் வெயிலில் எஃகுக் கேபிளைவிட அதிகம் நீளும். குளிர்காலத்தில் சரியாக இருந்த கேபிள் கோடையில் இறுகும். எனவே வெப்பநிலையையும் சேர்த்தே குறியுங்கள். ஃபேர்லீட் (கேபிள் புகுந்து செல்லும் வழிகாட்டித் துளை) கேபிளை நேராக வைத்திருக்கத்தான். அங்கே திசை 3 டிகிரிக்கு மேல் மாறக்கூடாது என்று எஃப்.ஏ.ஏ.வின் ஏ.சி. 43.13-1பி கையேடு சொல்கிறது. மாறினால் அங்கே புல்லி வேண்டும்.

ஸ்டிக்கின் அடி. டார்க் குழாயை (ஸ்டிக்கின் அடியில் சுழலும் குழாய்) தாங்கும் நைலான் கட்டைகள் ஈரத்தை உறிஞ்சி ஊதும். மழைக்காலத்தில் மட்டும் ஸ்டிக் கனமானால் இவற்றைச் சந்தேகியுங்கள். துளையை மெல்லிய மணல்தாளால் சிறிது சிறிதாகப் பெரிதாக்கலாம். ஆட்டம் வரும்வரை போகக்கூடாது.

உரசும் இடங்கள். இறக்கை வேரில் புஷ்ராட் நுழையும் ரப்பர் உறை, ரிப் (இறக்கையின் குறுக்குச் சட்டம்) துளைகள், ஸ்டிக்கோடு போகும் வயர்கள், ஸ்டிக் பூட். புஷ்ராடில் பெயிண்ட் தேய்ந்த கோடு இருந்தால் அது சாட்சி.

கடைசியாக, ஒருவர் இறக்கை முனையை ஸ்பார் (நீளவாக்கு உத்திரம்) இருக்கும் இடத்தில் மெல்ல மேலே தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் மறுபடி அளக்கட்டும். இந்தச் சிறு வளைவிலேயே உராய்வு கூடினால் பறக்கும்போது இன்னும் கூடும். மூன்று கீல் உள்ள நீண்ட எய்லரான்களில் இது அடிக்கடி வரும்.

இதோடு நிறுத்தி, ஒருமுறை பறந்து பாருங்கள். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். உராய்வு ஒரு கிலோ குறைந்தால் கைக்குத் தெரியும் மாற்றம் தராசு காட்டுவதைவிடப் பெரிது. ஏனென்றால் நடுநிலையைச் சுற்றிச் செய்யும் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான் கையைக் களைக்க வைப்பவை.

4. இணைப்பு விகிதமும் ஸ்டிக் நீளமும்

ஸ்டிக்கின் சுழல்புள்ளியிலிருந்து பிடி வரை 450 மி.மீ. என்றால், அதை 500 ஆக்கினால் கை கொடுக்க வேண்டிய விசை 10 சதவீதம் குறையும். முழங்கால், பேனல், தொடை எதிலும் முழு வீச்சில் இடிக்கக்கூடாது. அதே கை விசை இப்போது ஸ்டிக் அடியில் அதிக முறுக்கத்தைக் கொடுக்கும் என்பதால் அடி இணைப்பின் பலத்தையும் பார்க்க வேண்டும். எலிவேட்டரும் அதே அளவு இலகுவாகும். அது ஏற்கெனவே இலகுவாக இருந்தால் இந்த வழி வேண்டாம்.

பெல்கிராங்கில் (புஷ்ராடின் திசையை மாற்றும் நெம்புகோல்) துளையை மாற்றுவது இன்னொரு வழி. ஸ்டிக் ஒரு டிகிரிக்கு எய்லரான் நகர்வதை 15 சதவீதம் குறைத்தால், அதே எய்லரான் கோணத்துக்கு விசை 15 சதவீதம் குறையும். கை சுமார் 18 சதவீதம் அதிக தூரம் போக வேண்டும். ஸ்டிக்குக்கு அந்த இடம் இல்லையென்றால் எய்லரானின் உச்சக் கோணம் குறைந்துபோகும். குறுக்குக் காற்றில் மெதுவாக இறங்கும்போதுதான் அந்த இழப்பு தெரியும், வேறு வழியில்லாத நேரத்தில். வரைபடம் சொல்லும் கோணத்துக்குக் கீழே போகாதீர்கள்.

மேலே அதிகம், கீழே குறைவு என்ற டிஃபரென்ஷியலைக் கூட்டினாலும் ஸ்டிக் இலகுவாகும். எய்லரான்கள் காற்றில் தாமாக மேலே மிதக்கப் பார்ப்பதே காரணம். அளவு மீறினால் ஸ்டிக் பக்கவாட்டில் தானே ஓடும். பெல்கிராங்கின் வடிவத்தைக் கணக்கிடாமல் இதைத் தொட வேண்டாம்.

5. பரப்பின் வடிவம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். "இறக்கை கனம்" என்பது கையை விட்டால் ஒரு பக்கம் சாய்வது. "எய்லரான் கனம்" என்பது இரு பக்கமும் தள்ளக் கடினமாக இருப்பது. முன்னதற்கு ஆர்.வி. வகை கிட் விமானங்களில் ஒரு எய்லரானின் பின்விளிம்பை மெல்ல அமுக்குவார்கள். அது பலனளிக்கவில்லை என்று மாறி மாறி இரு பக்கமும் அமுக்கிக்கொண்டே போனால் இரண்டு பின்விளிம்புகளும் தட்டையாகி, இல்லாத கனம் வந்து சேரும்.

எஃகு அளவுகோலை எய்லரான் ஸ்பாரிலிருந்து பின்விளிம்பு வரை குறுக்காக வைத்துப் பாருங்கள். தோல் நேராக இருக்க வேண்டும். நடுவில் குழிந்திருந்தால், துணி எய்லரான்களில் இது சகஜம், ஸ்டிக் கனக்கும். பின்விளிம்புக்குச் சற்று முன்னால் புடைத்திருந்தால் இலகுவாகும். அதிகம் புடைத்தால் நடுநிலையில் பிடிமானமே இருக்காது, எய்லரான் அலையும். வரைபடத்தில் உள்ள வளைவு ஆரத்துக்குக் கொண்டுவருவதே இங்கே இலக்கு. கனத்தைக் குறைக்க வேண்டுமென்றே புடைக்கவிடுவது நல்ல யோசனை அல்ல: ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் குணம் மாறும், இரு பக்கமும் ஒன்றுபோல் செய்வதும் கடினம்.

பின்விளிம்பில் ஒட்டிய கயிறு, டி வடிவப் பட்டை, அசையாத டேப் மடல் எதுவும் கனத்தைக் கூட்டும். முந்தைய உரிமையாளர் ஒட்டியிருந்தால் ஏன் ஒட்டினார் என்று தெரிந்துகொண்டு எடுங்கள். எய்லரான் அலைவதை அடக்க ஒட்டியிருக்கக்கூடும்.

ஃப்ரைஸ் வகை (மேலே போகும்போது மூக்கு இறக்கைக்குக் கீழே நீட்டும்) எய்லரானில் மூக்கு எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்பதே இலகுவைத் தருவது. கீல் பிராக்கெட்டில் எய்லரான் ஒரு வாஷர் அளவு மேலே ஏறி உட்கார்ந்தாலும் நீட்டம் மாறும். இடது வலது இரண்டிலும் மூக்குக்கும் இறக்கையின் அடித்தோலுக்கும் உள்ள உறவை அளந்து, வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். இந்த வகையில் இடைவெளியை ஒட்டும் டேப்பால் மூடாதீர்கள். சாதாரண எய்லரானில் மூடினால் அதன் திறன் கூடும், அதே உருளலுக்குக் குறைந்த கோணம் போதும். ஆனால் பிரிந்த டேப் மடங்கி எய்லரானைப் பூட்டிவிடலாம் என்பதால் ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் பார்க்க வேண்டிய பொருள் அது.

இன்னும் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. கீல் விசை எய்லரானின் நீளத்துக்கு நேர் விகிதத்திலும், அகலத்தின் வர்க்கத்திலும் ஏறும். அதே நீளத்தில் அகலத்தை 250 மி.மீ.யிலிருந்து 225 ஆக்கினால் விசை 19 சதவீதம் குறையும். வடிவமைத்தவர் சம்மதித்தால் கட்டும்போதே செய்வதுதான் மலிவு.

6. ஸ்பேட்

இதுவரை எல்லாம் சரியாக இருந்தும் 140 நாட்டில் இன்னும் கனமா? இப்போது ஸ்பேடைப் பற்றிப் பேசலாம். எக்ஸ்ட்ரா 300 போன்ற சாகச விமானங்களின் எய்லரானுக்குக் கீழே தொங்கும் தகடு அதுதான். கீல் கோட்டுக்கு முன்னால் நிற்பதால், எய்லரான் கீழே இறங்கும்போது தகட்டின் மூக்கு மேலே தூக்கும், காற்று அதை மேலே தள்ளும். அந்தத் தள்ளல் எய்லரானைக் கீழே இறக்கவே உதவும்.

சர்வோ டேபும் இதே உதவியைச் செய்யும். ஆனாலும் சொந்தக் கட்டுமானத்துக்கு ஸ்பேடே சிறந்தது என்பது எங்கள் தீர்மானம். டேப் கீலுக்குப் பின்னால் எடையைச் சேர்க்கும். அதன் இணைப்பில் ஆட்டம், டேப் அகலத்தின் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 50 மி.மீ. டேபுக்கு வெறும் 1 மி.மீ. தேய்ந்தால் ஃப்ளட்டர். ஸ்பேட் தகடு கழன்று போனால் மிஞ்சுவது பழைய கனம்தான்.

அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு. எய்லரான் 1.2 மீட்டர் நீளம், 0.25 மீட்டர் அகலம், பரப்பு 0.3 சதுர மீட்டர். கீல் விசைக் கெழு ஒரு டிகிரிக்கு 0.006 என்று கொண்டால், 140 நாட்டில் 10 டிகிரிக்கு ஒரு எய்லரானின் கீல் முறுக்கம் சுமார் 14 நியூட்டன் மீட்டர். 100×150 மி.மீ. தகடு, அதாவது 0.015 சதுர மீட்டர், கீலுக்கு 150 மி.மீ. முன்னால் நின்றால் சுமார் 3 நியூட்டன் மீட்டர் உதவும்: 20 சதவீதம். இரட்டிப்புத் தகடு 40 சதவீதம். இறக்கையின் அடியில் காற்று எப்படி ஓடுகிறது என்பது இந்தக் கணக்கில் இல்லை. எனவே சிறிய தகட்டில் தொடங்குங்கள்.

கையை 4130 எஃகில் செய்யுங்கள். எய்லரானின் ரிப்போடும் ஸ்பாரோடும் அது பிணைய வேண்டும்; வெறும் தோலில் ரிவெட் அடித்தால் விரிசல் விடும். இடம், கீல் ஒன்றுக்கு அருகில். தகடு 2 மி.மீ. 2024-டி3 அலுமினியம், ஓரங்கள் மழுக்கப்பட்டு. எய்லரான் நடுநிலையில் இருக்கும்போது தகடு காற்றோட்டத்துக்கு இணையாக, இரு பக்கமும் ஒரே கோணத்தில். முழு வீச்சில் இறக்கையின் அடிக்கும் தகடுக்கும் குறைந்தது 10 மி.மீ. இடைவெளி வையுங்கள், கட்டும் கயிறு சிக்காத இடமாகவும் பாருங்கள்.

7. எதிர்எடை

பெயிண்ட், பட்டி, ஸ்பேட் எதைச் சேர்த்தாலும் எய்லரானைக் கழற்றி மறுபடி சமநிலை பாருங்கள். கீல் கோட்டில் இரு கூரிய ஆதாரங்களில் தொங்கவிட்டு, பெயிண்டெல்லாம் முடிந்த நிலையில், வரைபடம் கேட்கும் அளவுக்கு.

ஸ்பேட் கீலுக்கு முன்னால் இருப்பதால் எதிர்எடை கூடியதுபோல் தெரியும். அதை நம்பி, முன்விளிம்பில் இருக்கும் எஃகுக் குழாயையோ ஈயத்தையோ குறைப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். ஒற்றைக் கையில் தொங்கும் தகடு தானே அதிரும். எய்லரான் முழு நீளமும் சீராகப் பரவிய எடையின் வேலையை அது செய்யாது.

சுழலும் இணைப்பு எதிலும் நைலான் லாக் நட் மட்டும் போதாது. காஸில் நட்டும் அதைப் பூட்டும் காட்டர் பின்னும் வேண்டும்.

8. பறந்து பார்ப்பது

விமானி மட்டும், பாராசூட்டோடு, தரையிலிருந்து 5,000 அடி உயரத்தில். கிளம்பும் முன் ஸ்டிக் இடம் போனால் இடது எய்லரான் மேலே போகிறதா என்று வெளியே ஒருவர் நின்று உறுதி செய்யட்டும். இணைப்பைக் கழற்றிப் பூட்டிய எந்த வேலைக்குப் பிறகும் இது கட்டாயம்.

80 நாட்டில் தொடங்குங்கள். முதலில் சின்னத் தட்டல், பிறகு கால்வாசி, பிறகு அரை வீச்சு. ஒவ்வொன்றிலும் கையை விட்டு ஸ்டிக் தானாக நடுவுக்கு வருகிறதா பாருங்கள். வந்தால் 10 நாட் கூட்டுங்கள். ஃப்ளாப் இறக்கிய நிலையிலும், சைட்ஸ்லிப்பிலும் (பக்கவாட்டில் சறுக்கிப் பறப்பது), ஸ்டாலை (இறக்கை தூக்குவிசையை இழப்பது) நெருங்கும்போதும் தனியாகப் பாருங்கள். நேராகப் பறக்கையில் ஒழுங்காக இருக்கும் எய்லரான் சைட்ஸ்லிப்பில்தான் முதலில் பிடுங்கும்.

நிறுத்த வேண்டிய அறிகுறிகள் மூன்று: வீச்சு கூடியும் விசை கூடவில்லை, ஸ்டிக் தானே ஓரத்துக்கு ஓடப் பார்க்கிறது, பிடியில் நுண்ணதிர்வு. எது வந்தாலும் ஸ்டிக்கை உறுதியாகப் பிடித்து, த்ராட்டிலைக் குறைத்து, மூக்கை மென்மையாக உயர்த்தி வேகத்தை இறக்குங்கள். இறங்கிய பின் தகட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். நுண்ணதிர்வு என்றால் தகட்டை வெட்டினால் போதாது. கீல், இணைப்பு, எதிர்எடை மூன்றையும் பார்த்து முடிக்கும்வரை பறக்கக்கூடாது.

மொத்தக் குறைப்பு 30 முதல் 40 சதவீதத்தில் நிற்கட்டும். கனம் இதுவரை ஒரு காவலையும் செய்துவந்தது: அதிவேகத்தில் முழு வீச்சுக்குத் தள்ளக் கை வலு போதாததால் இறக்கை முறுக்கத்திலிருந்து தப்பியது. வடிவமைப்பு விதி வி.ஏ. வரைதான் முழு வீச்சைக் கணக்கில் எடுக்கிறது. உச்ச வடிவமைப்பு வேகத்தில், வி.ஏ.வில் கிடைத்த உருளல் வேகத்தின் மூன்றில் ஒரு பங்குக்கான வீச்சை மட்டுமே. இப்போது ஒற்றைக் கையால் அந்த எல்லையைத் தாண்ட முடியும். வி.ஏ. எண்ணைப் பேனலில் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். இந்த விமானத்தை ஓட்டும் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

பதிவேட்டில் எழுத வேண்டியவை: மாற்றத்தின் விவரம், தகட்டின் அளவும் இடமும், புதிய சமநிலை அளவு, மூன்று வேகங்களில் பழைய, புதிய விசைகள், சோதித்த உச்ச வேகம், முடித்த மணி நேரம். 10 மணி நேரப் பறப்புக்குப் பிறகு ஸ்பேட் கையின் அடியையும் சுற்றியுள்ள ரிவெட்டுகளையும் லென்ஸால் பாருங்கள், 25 மணிக்கு மறுபடி. அதன் பின் 12 மாதத்துக்கு ஒருமுறை வரும் ஆய்வுப் பட்டியலில் இதற்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.